கடைக்குட்டியை மட்டும் தர முடியாது

கன்னியர் விடுதி,
மாத்தளை.
2025.02.04

மதிப்புக்குரிய டொறீன் டீச்சர் அவர்களுக்கு,

முன்பின் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் வீட்டு ஐயாவும் கன்னியர் இல்லத்துக்கு வந்து, மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனீர்களே, அவள் பெயர் அனிட்டா. என் கடைசித் தங்கச்சி. உங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தது நான்தான். இல்லத்து வேலைக்காரி என்று நினைத்திருப்பீர்கள், பரவாயில்லை.

உங்கள் விலாசத்தை யாரும் எனக்குத் தரவில்லை. இல்லத்துச் சிஸ்டரைச் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் இல்லத்துக்குக் கொடுத்த கரட் சாக்கில் தம்புள்ளைச் சந்தைக் கடையின் இலக்கமும் ஐயாவின் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. உங்கள் பெயர் சிஸ்டர் கூப்பிட்டபோது காதில் விழுந்தது. இங்கே கைபேசி வைத்திருக்க விடமாட்டார்கள், ஆகவேதான் கடிதம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அனிட்டாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நாங்கள் ஆறு பேர். ஒன்றேகால் வருஷத்துக்கு முன் கார்த்திகை மழையில், மண் சரியும் என்று தேயிலைத் தோட்டத்தில் எல்லாரையும் கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் எங்களைக் கோயிலில் விட்டுவிட்டு, உடுப்பும் சேர்ட்டிபிக்கட்டும் எடுக்க லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். லயத்தின்மேல் மண் இறங்கிவிட்டது. சொந்தக்காரர் என்று சொல்ல ஒரு பெரியப்பா, அவருக்கே பாண் வாங்க வழியில்லை. தங்கச்சிமார் மூன்று பேரும் கன்னியரிடம். தம்பிமார் இரண்டு பேரும் கண்டிப் பக்கம் பையன்கள் இல்லத்தில். நான் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டு விடுதியில் இருக்கிறேன். ஏற்கெனவே எங்களை மூன்றாகப் பிய்த்தாயிற்று. நீங்கள் நாலாவதாகப் பிய்க்கப் போகிறீர்கள்.

என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தை மாதத்தோடு பதினெட்டு முடிந்துவிட்டது, இனி எந்தக் கோர்ட்டும் என்னைத் தத்துக் கொடுக்காது. மற்ற ஐந்து பேர் இவர்கள்: ஜெயகாந்துக்குப் பதின்மூன்று. கெத்தரினுக்குப் பதினொன்று, கணக்கில் புலி, வாயும் கொஞ்சம் நீளம். ஷியாமுக்கு எட்டு. டிலுக்சிக்கு ஆறு, எதைக் கொடுத்தாலும் இரண்டாகப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்பாள். அனிட்டாவை உங்களுக்கே தெரியும்.

எடுத்தால் ஐந்து பேரையும் எடுங்கள். முடியாவிட்டால் வேறு பிள்ளையைப் பாருங்கள். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், அனிட்டாமேல் வேண்டாம்.

இப்படிக்கு,
செ. ஷிரானி


தம்புள்ளை
2025.02.13

செல்வி ஷிரானிக்கு,

உங்கள் கடிதம் கடைக்கு வந்தது. லொறியில் இருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரம் என் கணவர் செபஸ்தியன் அதைப் பிரித்து, மூட்டை தூக்கும் நாட்டாமைமார் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வாசித்துவிட்டார். அவருக்கு ரகசியம் என்றால் என்ன என்றே தெரியாது. "இந்தப் பிள்ளை நம்மகிட்ட பேரம் பேசுது டொறீன்"னு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பண்ணாத வைத்தியம் இல்லை. மடு மாதாவுக்கு எத்தனை தடவை நடந்தோம் என்று என் காலுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க முன்பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, பின்னேரம் வெறும் வீட்டுக்கு வருகிறவள் நான். மூன்று வருஷம் பட்டியலில் காத்திருந்து ஒரு பிள்ளையைக் காட்டினார்கள். அவளும் என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளுக்கென்று ஒரு தலையணை தைத்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம்.

நான் கேட்டது ஒரு பிள்ளை. ஐந்து என்பது யாராலும் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமா? எங்கள் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் பாதி வெங்காயம். உங்கள் துக்கம் எனக்கு விளங்குகிறது, ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு வீடு கிடைப்பதை அவளுடைய சொந்த அக்காவே தடுப்பது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

சிஸ்டரிடம் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

டொறீன் செபஸ்தியன்


மாத்தளை
2025.02.20

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. திட்டியாவது எழுதினீர்கள். மற்றவர்கள் அதுவும் இல்லை.

உங்களுக்கு முன்னால் நான் யாரிடமும் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கொழும்பில் இருந்து ஒரு குடும்பம் வந்தது, கெத்தரின் மட்டும் போதும் என்றார்கள். அந்த அம்மா கெத்தரினின் கையைத் திருப்பிப் பார்த்து, "சமையல் வேலை தெரியுமா மகள்"னு கேட்டாங்க. நானே வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டேன். இன்னொருவர் தம்பிமார் இரண்டு பேரையும் கேட்டார், தன் தோட்டத்தில் மிளகு பறிக்க ஆளில்லையாம். பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார். எல்லாரும் அழுதார்கள். ஒரு பை உடுப்பு சேர்ந்தது.

நியாயமா என்று கேட்டீர்கள். அனிட்டாவுக்கு அப்பா அம்மாவின் முகம் நினைவில்லை. இனி அவளுக்குச் சொந்த இரத்தம் என்று இருப்பது நாங்கள் மட்டும்தான். உங்கள் வீட்டில் தங்கத் தொட்டிலில் வளர்ந்தாலும், இருபது வயதில் "எனக்கு யாருமே இல்லையா"னு உங்களைத்தான் கேட்பாள். அன்றைக்கு என்ன சொல்வீர்கள்? இருந்தார்கள், அறை போதவில்லை என்றா?

வெங்காயத்தை வெளியே வைக்கலாம் டீச்சர்.

ஒரு வழி சொல்கிறேன். சித்திரை விடுமுறையில் பிள்ளைகளை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க இல்லப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தைத் திணைக்களத்து அதிகாரி புஹாரி சேர் அனுமதி கொடுப்பாராம். நான் கந்தோருக்கே போய்க் கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஒரே ஒரு வாரம். ஐந்து பேரும். அதற்குப் பிறகும் முடியாது என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அனிட்டாவை நானே உடுப்பு மாற்றி உங்கள் கையில் தருகிறேன்.

ஷிரானி


தம்புள்ளை
2025.04.20, உயிர்த்த ஞாயிறு

ஷிரானிக்கு,

பிள்ளைகளை நேற்றுப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டோம். உங்களை விடுதியில் தேடினேன், வேலைக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள். நல்லவேளை. எதிரில் பார்த்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

என்ன சொல்லி அனுப்பினீர்கள் அந்தப் பிள்ளைகளிடம்?

முதல் நாள் கோழி சமைத்தேன். ஐந்து பீங்கானில் சோறு போட்டேன். சுத்தமாகச் சாப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் ஐந்து தலையும் ஒன்றாக ஆடுகிறது, "போதும் டீச்சர், வயிறு நிறைஞ்சிருச்சு." மறுநாள் மத்தியானமும் அதே. இராச்சாப்பாடும் அதே. ஜெயகாந்த் சாப்பிட்ட கையோடு எல்லார் பீங்கானையும் கழுவி வைத்துவிட்டு, விடியுமுன் செபஸ்தியனுக்கு முன்னால் எழும்பி மூட்டை தூக்க நிற்கிறான். டிலுக்சி என்னைப் பார்த்து, கதிரையில் உட்காரலாமா என்று கேட்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை! என் சமையல் பிடிக்கவில்லை, எங்களையும் பிடிக்கவில்லை, அதுதான் அந்நியர் மாதிரி நடக்கிறார்கள் என்று நான் குசினியில் அடுப்போரம் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் ஷியாமைக் காணவில்லை. தேடினால், சாக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்து கழுவாத கரட்டை மண்ணோடு கடித்துக்கொண்டிருக்கிறான். செபஸ்தியன் தூக்கி வைத்து, "ஏன்டா தம்பி, பசின்னா கேக்கலாமே"ன்னார். அப்போதுதான் பிள்ளை விம்மி விம்மிச் சொன்னான், "ரெண்டாந்தரம் சோறு கேட்டா எங்களை எடுக்க மாட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க."

என் கணவர் பெரிய உடம்புக்காரர். சந்தையில் அவர் சத்தம் போட்டால் லொறி பின்னால் போகும். அவர் கரட் மூட்டைமேல் உட்கார்ந்து அழுததை நான் பதினாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு எழும்பிப் போய் பெரிய சோற்றுப் பானையை அப்படியே மேசையில் கொண்டுவந்து வைத்து, "இது காலியாகாம இந்த வீட்டுல யாரும் எழும்பக்கூடாது"ன்னார். காலியானது. கெத்தரின் நாலு தரம் வாங்கினாள்.

நான் பிள்ளைகளைத்தான் கூப்பிட்டேன். சம்பளமில்லாத வேலைக்காரரை இல்லை.

சரி. திட்டி முடித்தாயிற்று. இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்து பேருக்கும் சேர்த்துப் பத்திரம் நிரப்பப் போகிறோம். வெங்காயம் இருந்த அறையைக் காலி செய்து, பின்னால் இன்னொரு அறைக்குக் கல் இறக்கியாயிற்று. புஹாரி சேரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதலில் எங்களிடம் வைத்துப் பார்த்து, அறிக்கை நன்றாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை. நீங்கள் பேரம் பேசினீர்கள், நானும் பேசுகிறேன். அந்த ஒரு வாரம் நான் எதைச் சொன்னாலும் "அக்காகிட்ட கேக்கணும்" என்றுதான் பதில் வந்தது. தலை சீவவும் அக்கா, மருந்து குடிக்கவும் அக்கா. ஒரு வீட்டுக்கு இரண்டு தாய் இருக்க முடியாது ஷிரானி. கோர்ட்டில் தீர்ப்பு வரும் வரைக்கும் நீங்கள் பிள்ளைகளைப் பார்க்க வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். அவர்கள் என்னிடம் ஒட்டட்டும். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

டொறீன்


மாத்தளை
2025.04.27

டீச்சருக்கு,

கன்னத்தில் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். பிழை என்னுடையதுதான். விடுமுறைக்கு முதல் ஞாயிறு தம்பிமாரையும் கூட்டிவந்து, ஐந்து பேரையும் கோயில் மதிலோரம் வரிசையில் நிற்க வைத்து, இப்படி உட்காரணும், இப்படிப் பேசணும் என்று பழக்கினேன். ஆறு பிள்ளைகள் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வீட்டுக்காரர் முதலில் பானையைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். பிள்ளைகள் பாரமாகத் தெரியக்கூடாது என்று நினைத்தேனே தவிர, பசித்து மண் கரட் தின்பான் என்று நினைக்கவில்லை. ஷியாமிடம் நேரில் கேட்க எனக்கு முகமில்லை, அக்கா மன்னிப்புக் கேட்டதாக நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் நிபந்தனையை வாசித்துவிட்டு இரண்டு நாள் தையல் மிசினில் ஒரு சட்டைகூட ஒழுங்காக வரவில்லை. கொலர் தலைகீழாக வைத்துத் தைத்து, முதலாளி அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். உங்கள்மேல் அவ்வளவு ஆத்திரம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கே தடையா என்று.

பிறகு யோசித்தேன். நான் கேட்டதில் பெரியது ஐந்து பேரும் ஒன்றாக இருப்பதுதான். அதை நீங்கள் தந்துவிட்டீர்கள். மிச்சத்துக்கு நான் அழலாம், மறுக்க முடியாது.

வரமாட்டேன். எழுதவும் மாட்டேன். எனக்குக் கண்டியில் வேலை மாறிவிட்டது, லீவு கிடைக்காது என்று இரண்டு இல்லத்துக்கும் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். நாலு பேர் நம்பினார்கள். ஜெயகாந்த் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியாகச் சிலது. டிலுக்சிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும். கெத்தரின் பொய் சொல்லும்போது காதைச் சொறிவாள். தகரத்தில் மழை விழுந்தால் ஷியாம் மேசைக்கடியில் போய் உட்காருவான். இழுத்து வெளியே எடுக்காதீர்கள், யாராவது கூட இருந்தால் போதும். ஜெயகாந்த் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்பான், அதை நம்பாதீர்கள். அனிட்டா என் முகத்தை மறந்துவிடுவாள். மறக்கட்டும். நன்றாக இருந்தால் சரி.

ஷிரானி


தம்புள்ளை
2025.10.12

அன்புள்ள மகள் ஷிரானிக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது மகள் என்று தொடங்குகிறேன், கோபப்படாதே. நீ, நீங்கள் என்று பார்க்கவும் எனக்கு இப்போது தெம்பில்லை.

முதலில் நல்ல சேதி. ஐந்து பேரும் சுகம். பின் அறை கட்டி முடிந்து, ஆளுக்கொரு கட்டில். கெத்தரின் கடையில் உட்கார்ந்தால் செபஸ்தியனைவிடக் கணக்கில் சுத்தம். டிலுக்சிக்குப் பல் விழுந்திருக்கிறது. போன மாதம் பெரிய மழை பெய்தது. ஷியாம் மேசைக்கடியில் போனான். பின்னாலேயே செபஸ்தியனும் நுழைந்தார். நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. எழும்பப் பார்த்தால் மேசையும் முதுகோடு சேர்ந்து எழும்புகிறது. ஷியாம் சிரித்த சிரிப்பில் மழை விட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

இனிக் கெட்ட சேதி. வியாழக்கிழமை கோர்ட். அறிக்கை எல்லாம் திறமாக இருந்தது. பெரிய பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று ஜட்ஜ் அம்மா ஜெயகாந்தை முன்னுக்குக் கூப்பிட்டார். "இவங்க வீட்டுல இருக்க உங்களுக்குச் சம்மதமா தம்பி?"

அவன் நிமிர்ந்து நின்று சொன்னான், "எங்க அக்கா சரின்னு சொன்னா சரி. அக்கா சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

"அக்கா எங்க?"

ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன் மேடம்"னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வழக்கை இருபத்துமூன்றாம் திகதிக்குத் தள்ளி, அன்றைக்கு அக்காவும் வர வேண்டும் என்றார். வெளியே வந்த பிறகு புஹாரி சேர் மெல்லக் கேட்டார், "நான் ஒருநாளும் அந்தப் பிள்ளையை நிப்பாட்டச் சொல்லலையே டீச்சர்?" எனக்குத் தலை நிமிரவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஜெயகாந்த் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு எனக்கு முதல்லயே தெரியும் டீச்சர்" என்று மட்டும் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆறு மாதமும் அதைத் தெரிந்துகொண்டுதான் என் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

எனக்குப் பொறாமை ஷிரானி. வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைமேல் நாற்பத்துமூன்று வயதுக்காரி பொறாமைப்பட்டேன். ஒரு வீட்டுக்கு இரண்டு தாய் ஆகாது என்று சட்டம் பேசினேன். நீ தாயாக இருக்கப் போய்த்தானே இந்த ஐந்து பேரும் ஒன்றாக என்னிடம் வந்தார்கள்.

இருபத்துமூன்றாம் திகதியும் ஜெயகாந்த் மாட்டேன் என்றால் அவனை விட்டுவிட்டு மற்ற நாலு பேருக்குத் தீர்ப்புக் கேட்கலாமாம். ஒரு சட்டத்தரணி சொன்னார். செபஸ்தியன் அவரை அடிக்கப் போய்விட்டார். ஐந்தும் இல்லையென்றால் எங்களுக்கும் வேண்டாம்.

வந்துவிடு. அதற்குப் பிறகு போகவும் வேண்டாம். கெத்தரினின் அறையில் உனக்கு ஒரு கட்டில் போட்டாயிற்று, தையல் மிசினும் செபஸ்தியன் பார்த்து வைத்திருக்கிறார். இருபத்துமூன்றாம் திகதி ஜட்ஜ் அம்மாவிடம் எனக்கு ஆறு பிள்ளைகள் என்று சொல்ல நினைக்கிறேன். சொல்லட்டுமா?

டொறீன்


மாத்தளை
2025.10.16

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்துக்கு முதலில் எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்ததெல்லாம் நீங்கள் வாசிக்கக் கூடாதவை. இது இரண்டாவது.

வருகிறேன். இருபத்திரண்டாம் திகதி பின்னேரமே வருவேன். ஜெயகாந்தோடு கோர்ட்டில் வைத்துப் பேச மாட்டேன், முதல் நாள் வீட்டில் வைத்துப் பேசுவேன். டீச்சர் கேட்டார், நானும் ஒத்துக்கொண்டேன், பிழையில் பாதி என்னுடையது என்று அவனிடம் சொல்வேன். கண்டி வேலை என்று நான் சொன்னது பொய் என்றும் சொல்வேன். அவன் முதலில் என்னைத் திட்ட வேண்டும், திட்டி முடித்த பிறகுதான் சரி என்பான். அதுவரை நீங்கள் குசினியில் இருங்கள், இடையில் வராதீர்கள். அடுத்த நாள் ஜட்ஜ் அம்மா கேட்டால், எனக்குப் பூரண சம்மதம் என்று நானே சொல்வேன். கோர்ட்டில் உண்மையைச் சொன்னீர்களே, அதை வாசித்த பிறகுதான் எனக்கு இந்தச் சம்மதம் முழுதாக வந்தது.

இனி என் நிபந்தனை. மாதத்தின் முதல் ஞாயிறு நான் பிள்ளைகளைப் பார்க்க வருவேன். கேட்டுக்கொண்டு வரமாட்டேன்.

கட்டிலுக்கும் மிசினுக்கும் நன்றி. ஆனால் அங்கே வந்து இருக்க மாட்டேன் டீச்சர். ரோசத்தில் சொல்லவில்லை. ஜெயகாந்த் பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளை என் இடுப்பில். அவன் இறங்கினால் கெத்தரின் ஏறினாள், அவள் இறங்கினால் ஷியாம். இந்த ஆறு மாதம்தான் என் இடுப்பு சும்மா இருந்தது. முதல் மாதம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி இருந்தேன், றோட்டில் யார் பிள்ளை அழுதாலும் திரும்பினேன். பிறகு ஒரு ஞாயிறு, கூட வேலை செய்யும் றாபியா இழுத்த இழுப்பில் ரயில் ஏறிக் கண்டிக்குப் போனோம். வாவியைச் சுற்றி நடந்தோம். நாள் முழுக்க ஒருவரும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது டீச்சர். அதை நினைத்து அன்றிரவு அழுதேன், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கண்டியில் உடுப்பு வெட்டப் பழக்கும் ஒரு வருஷப் பயிற்சிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். தை மாதம் தொடங்குகிறது. பொய்யாகச் சொன்ன கண்டி கடைசியில் உண்மையாகிவிட்டது, பாருங்கள்.

ஜட்ஜ் அம்மாவிடம் ஐந்து என்றே சொல்லுங்கள். அந்த ஐந்து பேருக்கும் நீங்கள் அம்மா, அதில் இனி எனக்கு மறுப்பில்லை. எனக்கு நீங்கள் யார் என்பதை நான் மெதுவாக முடிவு செய்துகொள்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

ஷிரானி